ஃப்ளட்டரா, கோட்லினா? நான்காவது வருடத்திலிருந்து யோசியுங்கள்

சில வருடங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவருக்காக நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பில்லிங் ஆப் எழுதினோம். சின்ன மளிகைக் கடைகளுக்கானது. பொருளைத் தட்டினால் பில்லில் சேரும், கடைசியில் புளூடூத் பிரிண்டரில் சீட்டாக வெளியே வரும், அவ்வளவுதான். ஒரே கோட் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும் என்பதற்காக ஒரு கிராஸ் பிளாட்ஃபார்ம் ஃப்ரேம்வொர்க்கை எடுத்தோம். பிரிண்டருக்கு, யாரோ ஒருவர் தன் சொந்த நேரத்தில் எழுதி இலவசமாகப் போட்டிருந்த பிளகினை, அதாவது ஃப்ரேம்வொர்க்கையும் பிரிண்டரையும் இணைக்கும் கோட் துண்டை, சேர்த்தோம். ஆறே வாரத்தில் ஆப் கடைகளுக்குப் போய்விட்டது. வேகமாக முடித்ததில் எங்களுக்குச் சந்தோஷம்.

அப்புறம் ஒரு ஆகஸ்டில் ப்ளே ஸ்டோர் வழக்கமாகக் கேட்பது போல டார்கெட் எஸ்டிகேயை, அதாவது எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் விதிகளுக்கு ஏற்ப ஆப் எழுதப்பட்டது என்று அறிவிக்கும் எண்ணை, உயர்த்தச் சொன்னது. உயர்த்தி அப்டேட் விட்டோம். மறுநாள் காலையில், புது போன் வைத்திருந்த கடைகளில் எல்லாம் பிரிண்டர் நின்றுபோயிருந்தது. எங்களிடம் இருந்த டெஸ்ட் போன் ஆண்ட்ராய்டு 10, அதில் எல்லாம் சரியாக ஓடியது.

நடந்தது இதுதான். 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12, புளூடூத்துக்கான அனுமதி விதியை மாற்றியது. அதற்கு முன் ஏற்கெனவே ஜோடி சேர்த்த பிரிண்டரோடு பேசத் தேவையான அனுமதி, ஆப்பை இன்ஸ்டால் செய்யும்போதே கிடைத்துவிடும். புது விதிப்படி அருகிலுள்ள சாதனத்தோடு இணைய, பயனரிடம் கேட்டு அவர் சம்மதித்த பிறகே முடியும். கேட்காமல் இணையப் போனால் சிஸ்டம் அங்கேயே தடுத்துவிடும். பழைய டார்கெட்டில் இருக்கும்வரை பழைய விதி, உயர்த்திய கணத்திலிருந்து புது விதி. நாங்கள் எழுதிய கோடில் ஒரு தவறும் இல்லை, ஃப்ரேம்வொர்க்கிலும் இல்லை. நடுவில் இருந்த அந்தப் பிளகின் மாறவில்லை. அதை எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார் போலிருக்கிறது, கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பில் அதே பிரச்சினையைப் பலர் எழுதிப் பதிலில்லாமல் கிடந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, இலவசமாகக் கொடுத்தவர். கடைசியில் நாங்களே பிளகினின் ஆண்ட்ராய்டு பகுதியைத் திறந்து, எங்களுக்குத் தெரியாத கோட்லினை (ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழி) அவசரமாகப் படித்துத் திருத்தினோம். நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் கடைக்காரர்கள் கையால் பில் எழுதினார்கள்.

ஆப் எதில் எழுதலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். கேள்வி எப்போதும் ஃப்ளட்டரா, ரியாக்ட் நேட்டிவா, நேட்டிவா என்று வரும், கூடவே எது வேகம், எது சுலபம் என்று வரும். முதல் இரண்டும் ஒரே கோடை இரண்டு வகைப் போனிலும் ஓட்டும் ஃப்ரேம்வொர்க்குகள், நேட்டிவ் என்றால் அந்தந்த போனின் சொந்த மொழியிலும் கருவியிலும் தனித்தனியாக எழுதுவது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: உங்கள் கோடுக்கும் அந்தப் போனுக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள், நான்காவது வருடத்தில் அவர்களில் யார் இருப்பார்கள்?

இதைப் புரிந்துகொள்ள, நடுவில் ஆட்கள் ஏன் வந்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

ஐபோன் 2007-இல் வந்தபோது வெளியாட்கள் ஆப் எழுத வழியே இல்லை, வெப்பில் எழுதிக்கொள்ளுங்கள் என்றுதான் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். 2008 மார்ச்சில் ஆப் எழுதும் கருவித் தொகுப்பான எஸ்டிகே வந்தது, ஜூலையில் சுமார் 500 ஆப்களோடு ஆப் ஸ்டோர் திறந்தது. அங்கே மொழி ஆப்ஜெக்டிவ்-சி, 1980-களில் பிறந்து நெக்ஸ்ட் நிறுவனம் வழியாக ஆப்பிளுக்குள் வந்தது. அதே 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போனும் வந்தது, அங்கே மொழி ஜாவா. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒரே ஆப்பை இரண்டு முறை, இரண்டு மொழியில், இரண்டு டீம் வைத்து எழுதவேண்டும். காசுக் கணக்கு பார்க்கும் யாருக்கும் இது உறுத்தும்.

மொழிகள் பிறகு நன்றாகவே மாறின. ஆப்பிள் 2014-இல் ஸ்விஃப்டைக் கொண்டுவந்தது. ஜெட்பிரெய்ன்ஸ் உருவாக்கிய கோட்லினை கூகுள் 2017-இல் அதிகாரபூர்வமாக ஏற்றது, 2019-இல் ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின்தான் முதலிடம் என்று அறிவித்தது. இந்த இரண்டு மொழிகளும் சகோதரர்கள் மாதிரி இருக்கும். ஒரு மதிப்பு இல்லாமல் போகலாம் என்பதைக் காட்ட இரண்டிலுமே வகையின் பெயருக்குப் பின்னால் கேள்விக்குறிதான் போடுகிறோம். திரையைக் கட்டும் விதமும் நெருங்கிவிட்டது. 2019-இல் வந்த ஸ்விஃப்ட்யூஐ, 2021-இல் 1.0 ஆன ஜெட்பேக் கம்போஸ், ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் எல்லாவற்றிலும் "தரவு இப்படி இருந்தால் திரை இப்படி இருக்கவேண்டும்" என்று எழுதிவிட்டால் போதும், மாற்றும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஒன்றில் ஆறு மாதம் வேலை செய்தவர் இன்னொன்றை வாசித்தால் பாதிக்கு மேல் புரியும். அதனால் எந்த மொழி படிப்பது என்று மாதக்கணக்கில் குழம்பத் தேவையில்லை, மொழி சில வாரத்தில் வந்துவிடும். வர நாளாவது வேறு. அனுமதிகள், ஆப் பின்னணிக்குப் போனதும் சிஸ்டம் அதை எப்போது நிறுத்தும், நோட்டிஃபிகேஷன் ஏன் சில போன்களில் மட்டும் வரவில்லை, ஆப் நம்முடையது என்று காட்டும் சைனிங் கீ தொலைந்தால் என்ன ஆகும், ஸ்டோர் ரிவ்யூவில் ஏன் திருப்பி அனுப்பினார்கள். இவை மொழியின் விஷயங்கள் இல்லை, பிளாட்ஃபார்மின் விஷயங்கள். எந்த ஃப்ரேம்வொர்க்கும் இவற்றை உங்களிடமிருந்து முழுதாக மறைத்துவிடாது.

ஒரே கோட் என்ற ஆசை ஆப் ஸ்டோர் பிறந்த கையோடு பிறந்தது. 2009 வாக்கில் வந்த ஃபோன்கேப், ஒரு வெப் பக்கத்தை ஆப் உறைக்குள் வைத்துக் கொடுத்தது. அதிலிருந்து வந்த கார்டோவா இன்றும் சில இடங்களில் ஓடுகிறது. இந்த வழியில் மிகப் பெரிதாகப் பந்தயம் கட்டியது ஃபேஸ்புக். அவர்களுடைய போன் ஆப்பின் உள்ளே பெரும்பாலும் எச்டிஎம்எல்5, அதாவது வெப் பக்கங்கள்தான் இருந்தன. அதில் ஒரு நியாயமும் உண்டு, சர்வரில் மாற்றினால் எல்லோர் போனிலும் உடனே மாறும், ஸ்டோர் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஸ்க்ரோல் திணறியது, படங்கள் மெதுவாக வந்தன, மக்கள் திட்டினார்கள். 2012 ஆகஸ்டில் ஐபோன் ஆப்பை நேட்டிவாகத் திரும்ப எழுதினார்கள், அந்த வருடக் கடைசியில் ஆண்ட்ராய்டையும். நேட்டிவை விட்டு எச்டிஎம்எல்5 மீது அதிகமாகப் பந்தயம் கட்டியது நிறுவனத்தின் பெரிய தவறு என்று ஸக்கர்பெர்க் அந்தச் செப்டம்பரில் மேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

அதே ஃபேஸ்புக்தான் 2015-இல் ரியாக்ட் நேட்டிவை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. 2012-இல் பட்ட அடி அதன் வடிவத்திலேயே தெரிகிறது. லாஜிக் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கட்டும், ஆனால் திரையில் வரும் பட்டன், பட்டியல், எழுத்துப் பெட்டி எல்லாம் அந்தந்த போனின் சொந்தச் சரக்காகவே இருக்கட்டும் என்பது யோசனை. நல்ல யோசனை. பல வருடம் ஜாவாஸ்கிரிப்டுக்கும் நேட்டிவுக்கும் நடுவே பிரிட்ஜ் என்ற பாலம் வழியாகச் செய்திகள் ஓடின, போக்குவரத்து அதிகமானால் அங்கே நெரிசல். அதை எடுத்துவிட்டு நேரடியாகப் பேசும் புது ஆர்க்கிடெக்சர், 2024-இல் வந்த 0.76 பதிப்பிலிருந்துதான் புது ப்ராஜெக்டுகளுக்கு இயல்பாக வருகிறது.

ரியாக்ட் நேட்டிவைப் பெரிதாக எடுத்த, தங்க வீடு பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி இரண்டு வருடம் பயன்படுத்திவிட்டு 2018 ஜூனில் விடப்போவதாக அறிவித்தது. அதை அவர்கள் விரிவாகவும் நேர்மையாகவும் எழுதினார்கள். "ஏர்பிஎன்பியே விட்டுவிட்டது" என்று இன்றும் சிலர் அதை ஆயுதமாக எடுப்பதைப் பார்க்கிறேன், அது பாதி உண்மைதான். அங்கே வேலை செய்த பல பொறியாளர்களுக்கு அது பிடித்தே இருந்தது. சிக்கல் வேறிடத்தில். ஏற்கெனவே பெரிதாக வளர்ந்திருந்த இரண்டு நேட்டிவ் ஆப்களின் நடுவே இதைச் செருகினார்கள். இரண்டை ஒன்றாக்கப் போய் பராமரிக்க மூன்று உலகம் ஆகிவிட்டது. ஒரு பிழை வந்தால் அது ஜாவாஸ்கிரிப்டிலா, பாலத்திலா, ஆண்ட்ராய்டிலா, ஐஓஎஸ்ஸிலா என்று தேட எல்லாம் தெரிந்த ஆள் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் எங்கேயும் குறைவு. எங்கள் பிரிண்டருக்கு வந்ததும் இதே நோய்தான், அளவுதான் சின்னது.

ஃப்ளட்டர் வேறு பாதையில் போனது. கூகுள் 2018 டிசம்பரில் 1.0 வெளியிட்டது, மொழி டார்ட். போனின் பட்டனை அது கேட்பதே இல்லை. ஒரு வெற்றுத் திரையை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகிறது, கேம் எஞ்சின் மாதிரி. ஐந்தாயிரம் ரூபாய் போனிலும் விலையுயர்ந்த ஐபோனிலும் திரை ஒரே மாதிரி இருக்கும். ஒரு போனில் சரியாக வந்து இன்னொன்றில் கோணலாக வரும் தொல்லை மிகவும் குறையும். சின்ன டீமுக்கு இது பெரிய நிம்மதி, நான் அனுபவித்திருக்கிறேன். விலையும் உண்டு. 2025 ஜூனில் ஆப்பிள் லிக்விட் கிளாஸ் என்று கண்ணாடி போன்ற புதுத் தோற்றத்தை அறிவித்தது. ஆப்பிளின் சொந்தக் கருவிகளில் எழுதிய ஆப்களுக்கு, ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடின் புதுப் பதிப்பில் பில்ட் செய்தாலே பெரும்பகுதி வந்துவிடும், போனின் சொந்த உறுப்புகளைப் பயன்படுத்தும் ரியாக்ட் நேட்டிவ் திரைகளுக்கும் ஓரளவு வரும். ஃப்ளட்டரில் தானாக வராது, யாராவது உட்கார்ந்து வரைந்து கொடுக்கவேண்டும். பில்லிங் ஆப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஐபோன்காரர்கள் மட்டும் பணம் கட்டி வாங்கும் ஒரு ஆப்பாக இருந்தால் பொருட்டுதான்.

நடுவில் நிற்பவர்களுக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்பதற்குச் சமீபத்திய உதாரணம், 16 கேபி விவகாரம். ஆண்ட்ராய்டு போன்கள் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்துப் பயன்படுத்தி வந்தன, புதியவற்றில் அது 16 கேபி ஆகலாம். 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேலோ டார்கெட் செய்யும் ஆப்கள் இதற்குத் தயாராக இருக்கவேண்டும் என்று ப்ளே ஸ்டோர் விதி வைத்தது. முழுக்கக் கோட்லினிலோ ஜாவாவிலோ எழுதி, உள்ளே சி அல்லது சி++ லைப்ரரி எதுவும் வைக்காதவர்களுக்கு வேலையே இல்லை. ஃப்ளட்டருக்கும் ரியாக்ட் நேட்டிவுக்கும் எஞ்சினே சி++ லைப்ரரிதான், அதனால் புதுப் பதிப்புக்கு ஏறவேண்டும். ஏறினால் பழைய பிளகின்கள் உடையும். ஒவ்வொரு பிளகினுக்குள்ளும் அப்படி லைப்ரரி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், இருந்தால் அதை எழுதியவர் திரும்ப பில்ட் செய்து தரக் காத்திருக்கவேண்டும். மூன்று வருடம் தொடாமல் வைத்திருந்த ப்ராஜெக்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

பின்னால் பெரிய நிறுவனம் நிற்கிறது, பயமில்லை என்று சொல்வார்கள். ஸமரின் என்ற கிராஸ் பிளாட்ஃபார்ம் கருவிக்குப் பின்னால் மைக்ரோசாஃப்ட் நின்றது. 2016-இல் விலை கொடுத்து வாங்கியது, சி ஷார்ப் மொழி தெரிந்த ஏராளமானோர் அதை நம்பி ஆப் எழுதினார்கள். 2024 மே 1-ஓடு ஆதரவு முடிந்தது. மாற்றாக மைக்ரோசாஃப்டின் மாவி இருக்கிறது, ஆனால் மாறுவது இலவசம் இல்லை. கூகுள் 2024 ஏப்ரலில் ஆட்குறைப்பு செய்தபோது ஃப்ளட்டர் குழுவும் தப்பவில்லை. ஃப்ளட்டர் இன்றும் நல்ல வேகத்தில் நகர்கிறது, அதை வைத்து பயமுறுத்த வரவில்லை. நேட்டிவ் மட்டும் நிரந்தரமா என்றால், அங்கேயும் ஆப்ஜெக்டிவ்-சியிலிருந்து ஸ்விஃப்ட், பழைய எக்ஸ்எம்எல் திரைகளிலிருந்து கம்போஸ் என்று இடம் மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். வித்தியாசம் ஒன்று உண்டு. ஆப்பிளும் கூகுளும் தங்கள் நேட்டிவ் கருவியை மாற்றும்போது பழையதையும் பல வருடம் ஓடவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய சொந்த ஆப்களும் அதில்தான் ஓடுகின்றன. நடுவில் நிற்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, வாசலில் நிற்பவர் நினைத்தால் கதவையே சாத்தலாம். 2010 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஒப்பந்தத்தின் 3.3.1 பிரிவை மாற்றி, வேறு கருவிகளில் எழுதி ஐபோனுக்கு மாற்றும் ஆப்களைத் தடுத்தது. அடோபி தன் ஃப்ளாஷ் கருவியில் அந்த வசதியைக் கொண்டுவந்துகொண்டிருந்த நேரம் அது. செப்டம்பரில் தளர்த்தினார்கள். அந்த ஐந்து மாதமும் அதை நம்பியிருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது எனக்கு அதிகம் பிடித்திருப்பது கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம். 2023 நவம்பரில் ஸ்டேபிள் ஆனது, அடுத்த மே மாதம் கூகுளும் ஆதரவை அறிவித்தது. கணக்கு, தரவுத்தளம், சர்வரோடு பேசுவது போன்றவற்றை ஒருமுறை கோட்லினில் எழுதிவிட்டு, திரையை ஆண்ட்ராய்டில் கம்போஸிலும் ஐபோனில் ஸ்விஃப்ட்யூஐயிலும் எழுதலாம். நாளைக்கு இது வேண்டாம் என்றாலும் ஆண்ட்ராய்டு பக்கம் உங்கள் கையில் இருப்பது சாதாரணக் கோட்லின் கோட்தான், தூக்கி எறியவேண்டியது குறைவு. ஒரு கருவியை எடுக்கும்போதே அதிலிருந்து வெளியே வர என்ன செலவாகும் என்று பார்ப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

சரி, இதற்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டியது, ஆப் வேண்டுமா என்பது. 2015 மே மாதம் துணி விற்கும் மிந்த்ரா தன் வெப்சைட்டை மூடிவிட்டு ஆப் மட்டும் என்றது. அடுத்த வருடமே வெப்சைட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. அதன் தாய் நிறுவனமான ஃப்ளிப்கார்ட்டோ 2015 நவம்பரில் ஃப்ளிப்கார்ட் லைட் என்ற பெயரில், ஆப் போல நடந்துகொள்ளும் வெப்பை விட்டது. மாதம் ஒருமுறை விலைப்பட்டியல் பார்க்க மட்டும் வருபவரிடம் ஆப் இன்ஸ்டால் செய்யச் சொன்னால், இடமில்லாத அவர் போனிலிருந்து முதலில் போவது அதுதான்.

அடுத்தது, உங்கள் ஆட்களின் கையில் என்ன போன். இந்தியாவில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டு. அமெரிக்காவில் பாதிக்கு மேல் ஐபோன். நியூ ஜெர்சியில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கு ஆப் எழுதுபவருக்கும் தேனியில் இருக்கும் கடைக்கு எழுதுபவருக்கும் இங்கேயே வழி பிரிந்துவிடும். ஐபோனுக்கு விடவேண்டும் என்றால் ஒரு மேக் வேண்டும், எக்ஸ்கோட் வேறெதிலும் ஓடாது, அல்லது வாடகைக்கு பில்ட் செய்து தரும் சேவைக்குப் பணம் கட்டவேண்டும். ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர், கூகுளுக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். இந்தக் கணக்கைப் போடாமல் "எதற்கும் ஐபோனுக்கும் இருக்கட்டும்" என்று கிராஸ் பிளாட்ஃபார்ம் எடுப்பவர்கள் நிறைய. நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். எங்கள் ஆப் ஓடிய கடைகளில் ஐபோனில் பில் போட்டவர் ஒருவர்கூட இல்லை.

இரண்டு பேர், ஒரு வருடக் கையிருப்பு, படிவமும் பட்டியலுமான ஆப், இரண்டு போனிலும் கட்டாயம் வேண்டும் என்றால் ஃப்ளட்டரைத் தயங்காமல் எடுக்கலாம், டீமுக்கு ஏற்கெனவே ரியாக்ட் தெரிந்தால் ரியாக்ட் நேட்டிவ். ஆனால் கோட்லினையும் ஸ்விஃப்டையும் பயமில்லாமல் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது டீமில் இருக்கட்டும். சேர்க்கும் ஒவ்வொரு பிளகினையும், நாளைக்கு நாமே பார்த்துக்கொள்ள வேண்டியது என்று நினைத்துச் சேர்க்கவேண்டும். ஆப்பின் உயிரே கேமரா, புளூடூத், பின்னணியில் ஓடும் ஜிபிஎஸ், ஆடியோ என்று போனின் உறுப்புகளில் இருந்தால் நேட்டிவ்தான். அங்கே கிராஸ் பிளாட்ஃபார்மில் மிச்சமாகும் நேரம் பிளகின்களோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும், ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இது வரவே வராது. "தமிழ்" என்ற சொல்லுக்கு நீளம் எவ்வளவு என்று ஸ்விஃப்டிடம் கேட்டால் 3 என்று சொல்லும், நாம் எண்ணுவது போலவே. கோட்லின், டார்ட், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 5 என்று சொல்லும், ஏனென்றால் அவை இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகின்றன. பில்லில் பொருளின் பெயரை அளவாக வெட்டும்போது இது பல்லைக் காட்டும். "கொத்தமல்லி" நமக்கு ஆறெழுத்து, அவற்றுக்குப் பத்து. ஏழில் வெட்டினால் புள்ளி போய் "கொத்தமல" என்று நிற்கும். தீர்வு எல்லாவற்றிலும் உண்டு, டார்ட்டில் கேரக்டர்ஸ் என்ற பேக்கேஜ், ஜாவாவிலும் கோட்லினிலும் பிரேக் இட்டரேட்டர், ஆனால் தெரிந்து தேடினால்தான் கிடைக்கும். இதற்கு மேல், மலிவான தெர்மல் பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு இருக்காது, எழுத்தைப் படமாக வரைந்து புள்ளிகளாக அனுப்பவேண்டும்.

பில்லிங் ஆப்பைத் திரும்ப எழுதலாம் என்று முடிவு செய்தபோது முதலில் லாகின் திரையை எழுதவில்லை. சந்தையில் கிடைத்த மலிவான ஆண்ட்ராய்டு போன் ஒன்றையும், கடைகளில் அதிகம் இருக்கும் பிரிண்டரையும் வாங்கி, மூன்று நாள் ஒரே ஒரு காரியம் செய்தோம்: அனுமதி கேட்டு, இணைத்து, பத்துப் பொருள் கொண்ட தமிழ் பில்லை அடிப்பது. ஃப்ளட்டரில் ஒருவர், கோட்லினில் ஒருவர். இரண்டிலும் பில் வந்தது. ஃப்ளட்டர் பக்கம் இரண்டு பிளகின் தேவைப்பட்டது, அதில் ஒன்றைக் கடைசியாகத் தொட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கோட்லின் பக்கம் ஆண்ட்ராய்டே தரும் புளூடூத் வசதி போதுமாக இருந்தது, நடுவில் யாரும் இல்லை. கோட்லினையே எடுத்தோம். முதல் பதிப்புக்கு இந்த முறை பத்து வாரம் ஆனது, முன்பைவிட நான்கு வாரம் கூடுதல். அதற்குப் பிறகு வந்த இரண்டு ஆகஸ்டுகளிலும் டார்கெட்டை உயர்த்தி அப்டேட் விட ஒவ்வொரு முறையும் ஒரு மதியப் பொழுது போதுமாக இருந்தது.